நின்றுபோன பைக்கை உதைப்பதற்கு முன்

பத்துப் பன்னிரண்டு வருஷம் மாடிப்படிக்கு அடியில் நின்ற பைக்கை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், சுற்றி நிற்கும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: 'ஒரு உதை உதைச்சுப் பாரு, வருதான்னு பார்ப்போம்.' தயவுசெய்து உதைக்காதீர்கள். நின்ற காலத்தில் கெட்டதைவிட, அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்த அந்தப் பத்து நிமிஷத்தில் கெட்டுப்போன இன்ஜின்கள்தான் அதிகம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கால் தானாகவே கிக்கரை விட்டு இறங்கிவிடும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் எப்போதோ வடிந்து கீழே போயிருக்கும். அந்த இடத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். உதைத்தால் பிஸ்டன் ரிங் அந்தத் துருவைச் சுரண்டி, அதையே தேய்ப்புத் தூளாக்கிக்கொண்டு மேலும் கீழும் ஓடும். போரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், கோடு விழும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் ராக்கரும் சொட்டு ஆயில் இல்லாமல் உரசும். பிஸ்டன் இறுகிப்போயிருந்தாலோ, உதையின் முழு பலமும் கிக்கர் கியரின் பல்லில் போய் விழும். பல் தெறித்தால், இல்லாத வேலை ஒன்று புதிதாக முளைக்கும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இது இன்னும் கடுமை. உள்நாட்டில் பத்து வருஷம் நின்ற வண்டியும் தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ பத்து வருஷம் நின்ற வண்டியும் ஒன்றல்ல. உப்புக்காற்று எங்கே ஈரம் தங்குமோ அங்கேயெல்லாம் உப்பைக் கொண்டுபோய் வைக்கிறது. உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே படாத இடத்தில் நின்றாலும் துரு நிற்பதில்லை. ஃபோர்க் குழாயின் குரோமியத்தில் ஊசிக் குத்துப் போலப் புள்ளிகள், ஸ்போக் நிப்பிளில் வெள்ளைப் பொடி, அலுமினியம் கிராங்க்கேஸில் கொப்புளம், ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு, இவையெல்லாம் அதன் அடையாளம்.

வெள்ளம் இன்னொரு கணக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகியதும், இந்தப் பகுதியில் நின்ற வண்டிகளில் பலவும் இவற்றில் ஏதோ ஒன்றில் நனைந்தவை. வீட்டில் கேட்டால் 'தண்ணி உள்ளே வரலை' என்பார்கள். வண்டியையே கேளுங்கள். சைடு கவரைக் கழற்றி ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் விரலை விடுங்கள். காய்ந்த வண்டல் மண் இருந்தால் தண்ணீர் கார்புரேட்டர் மட்டத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். முதலில் தெளிந்த தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தாலோ, அந்த இன்ஜினை ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது. முழுவதும் பிரித்து, பேரிங் எல்லாம் மாற்றித்தான் பூட்ட வேண்டும். அதில் குறுக்கு வழி இல்லை.

முதல் வேலை கழுவுவது. அதிலும் ஒரு கவனம் வேண்டும். கடலோரத் தெருக்களில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாகிவிட்டது. அதே தண்ணீரில் பைக்கைக் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும். குழாயில் வரும் நல்ல தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இரண்டு மூன்று வாளி போதும். சைலன்சர் வாய், ஏர் ஃபில்டர் வாய் இரண்டையும் பாலித்தீன் பையால் கட்டிவிட்டு, ஷாம்பூ போட்டுத் துணியால் துடைத்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம். வறண்டுபோன ஆயில் சீல்களைத் தாண்டி வீல் பேரிங்குக்குள் தண்ணீரை அது அடித்துவிடும்.

பாகம் வாங்க ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். இரு சக்கர வாகனப் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் பைக்குக்கு 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 2025-இல் 2,000 ஆக்கினார்கள். தாமதித்ததற்கு அபராதம் தனி. வண்டி இறந்துபோன அப்பா பேரில் இருந்தால் படிவம் 31. இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரம்தான், ஆனால் டி.என்.-31 ஒரு மாநிலம், பி.ஒய்.-01 யூனியன் பிரதேசம். லாஸ்பேட்டை அத்தை வீட்டு வண்டியை மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுவந்து நிரந்தரமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால், பதிவான அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் இங்கே படிவம் 27 கொடுத்துப் புது எண் வாங்க வேண்டும். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். சேஸிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு நாள் சுற்றி வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள்.

பிளக்கைக் கழற்றுவதிலிருந்து இன்ஜின் வேலை தொடங்குகிறது. கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அங்கே சேர்ந்த மணல் நேராகப் பிஸ்டன் தலைமேல் விழும். பிளக் இறுகியிருந்தால் ஸ்பேனரில் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. மரை பிய்ந்துகொண்டு வரும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு இரவு விட்டு, கால் சுற்று இறுக்கி, கால் சுற்று தளர்த்தி என்று மெதுவாக எடுங்கள். பிளக் வெளியே வந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். போனில் சொருகும் கேமரா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போரில் துரு எந்த உயரத்தில், எவ்வளவு என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்துவிடலாம்.

பிளக் ஓட்டை வழியாக 15 மி.லி. அளவு பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்ததோ ஊற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கையால் ஆட்டும்போது இன்ஜினுக்குப் போகும் பலம் மிதமாக இருக்கும், விரலுக்கே இறுக்கம் தெரியும். கொஞ்சம் அசைந்து, மறுபடி இறுகினால் மீண்டும் ஆயில், மீண்டும் ஒரு நாள். கிக்கர் பக்கமே போகாதீர்கள்.

ஒரு வாரமாகியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் இது சுலபம், வால்வு ஏதும் இல்லை. பிஸ்டன் தலைக்குமேல் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து தேக்கி வையுங்கள். பிறகு அதைத் துணியால் ஒற்றி முழுக்க எடுத்துவிட்டு (அசிட்டோன் தீப்பற்றும்), சிலிண்டரைச் சுற்றி ஹாட் ஏர் கன்னால் சூடேற்றி, பிஸ்டன் அகலத்துக்குச் சற்றுக் குறைந்த மரக்கட்டையை வைத்துச் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். இரும்புக் கம்பியை வைத்து அடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். ஃபின்னுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினால் ஃபின் உடையும். 1996-க்குப் பிறகு ஆர்எக்ஸ் 100 தயாரிப்பே இல்லை, நல்ல பழைய சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. போரில் நகம் சிக்கும் அளவு கோடு இருந்தால் லேத்தில் கொடுத்து அடுத்த சைஸுக்குப் போர் செய்ய வேண்டும். அதன் போர் 50 மி.மீ., ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் வருகிறது. பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் சிலிண்டரை லேத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் செய்ய வேண்டும். டப்பாவில் எழுதிய அளவை நம்பிப் போர் செய்ததால் சீஸ் ஆன (பிஸ்டன் இறுகிப்போன) வண்டிகள் ஏராளம்.

டூ ஸ்ட்ரோக்கில் எல்லோரும் மறப்பது கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பெட்ரோலையும் காற்றையும் முதலில் கிராங்க்கேஸுக்குள் இழுத்துத்தான் மேலே அனுப்புகிறது; அதனால் அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் நின்றால் சீலின் ரப்பர் உதடு காய்ந்து விறைத்துவிடும். மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவை மெலியும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் இறங்காமல் கத்தும், சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் இன்ஜினுக்குள் போய் எரியும். வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே போகும். புதிய பிஸ்டன் போட்டு, பழைய சீலை விட்டுவைத்தால் அந்தப் பிஸ்டனும் அதிக நாள் தாங்காது. மேக்னட்டைக் கழற்ற அதற்கென்றுள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளே காந்தம் விட்டுப்போகும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பார்க்க வேண்டியது வேறு. ஹீரோ ஹோண்டா சிடி 100, ஸ்ப்ளெண்டர் வகை 97.2 சிசி இன்ஜின்கள் நம் ஊரில் அதிகம் நிற்பதால் அவற்றைச் சொல்கிறேன். பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, வலப்பக்கக் கவரைக் கழற்றுங்கள். அங்கே கிராங்க் முனையில் சுழலும் ஆயில் ஃபில்டர் இருக்கிறது. சுழற்சி வேகத்தில் அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும் அமைப்பு. அதன் மூடியைத் திறந்தால் உட்சுவரில் கருப்புக் களிமண் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மரக்குச்சியால் வழித்து, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அடியில் உள்ள வலை ஃபில்டரையும் உருவிக் கழுவுங்கள். இவை இரண்டையும் விட்டுவிட்டுப் புது ஆயில் ஊற்றினால், அந்தப் பழைய சகதியே கரைந்து கேமுக்கு ஏறும்.

அடுத்து இரண்டு டேப்பெட் மூடிகளையும் திறந்து, ராக்கர் மேல் ஒரு ஸ்பூன் ஆயில் விடுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இரண்டு ராக்கரும் இறங்கி ஏறுகின்றனவா என்று கவனியுங்கள். வால்வு கைடில் துருப்பிடித்து ஒரு வால்வு திறந்தபடியே நின்றிருந்தால், பிஸ்டன் மேலே வந்து அதில் மோதும். இரண்டும் சரியாக அசைந்தால், ஃபிளைவீலில் உள்ள 'டி' குறியை நேராக்கி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் குளிர்ந்த இன்ஜினில் டேப்பெட் இடைவெளியை 0.05 மி.மீ. வையுங்கள். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உரசிக்கொண்டு போக வேண்டும், இழுக்கத் திணறக் கூடாது. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் என்றால் ஒன்று கூடுதல்: நின்ற காலத்தில் ஆயில் டேங்கில் இருந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸில் இறங்கியிருக்கும். அந்த ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்து முதலில் வடித்துவிடுங்கள். இல்லையென்றால் பிரீதர் வழியாக வீடே ஆயிலாகும்.

இனி டேங்க். நின்ற பைக்கில் அதிக உழைப்பைக் கேட்பதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடைக்குப் பதில் வார்னிஷ் வாடை வரும். கார்புரேட்டரைப் பத்து முறை சுத்தம் செய்தும் வண்டி மூன்று கிலோமீட்டரில் நிற்கிறது என்றால், டேங்கில் மிச்சமிருக்கும் துருத்தூள்தான் காரணமாக இருக்கும்.

டேங்கை இறக்கி, பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கைக் கழற்றி, ஓட்டையை ரப்பர் வைத்துத் தகடு கொண்டு அடையுங்கள். முதலில் காய்ந்த பெட்ரோலின் பிசின் போக வேண்டும். பிசினுக்கு மேல் ஊற்றும் ஆசிட் துருவைத் தொடாது. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, குலுக்கி, சில மணி நேரம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு அரை மீட்டர் பழைய சைக்கிள் செயினை ஒரு முனையில் கம்பி கட்டி உள்ளே இறக்கி, எல்லாத் திசையிலும் குலுக்குங்கள்; செதில் துருவெல்லாம் விட்டுவரும். சிலர் கருங்கல் ஜல்லி போடுவார்கள். ஜல்லி உடைந்து ஒரு துண்டு மூலையில் தங்கிவிட்டால் ஆயுசுக்கும் தொல்லை. கம்பி கட்டிய செயினை அப்படியே இழுத்து எடுத்துவிடலாம்.

மிச்சத் துருவுக்கு சிட்ரிக் ஆசிட். கெமிக்கல் கடையில் கிலோ கணக்கில் பொடியாகவே கிடைக்கும். 10 லிட்டர் டேங்குக்கு 600 முதல் 700 கிராம், கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் சூடான தண்ணீரில் கரைத்து, கழுத்து வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் மேல்பாதியின் துரு அப்படியே நிற்கும். 12 மணி நேரத்தில் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்; தேவைப்பட்டால் புதுக் கரைசலில் இன்னொரு 12 மணி நேரம். அதற்குமேல் வைத்தால் நல்ல தகட்டையும் தின்ன ஆரம்பிக்கும். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். வேகமாகத் துருவை எடுப்பது போலத் தெரியும்; ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதன் குளோரைடு, டேங்கின் தகடுகள் சேரும் தையலுக்குள் தங்கி ஒரு மாதத்தில் மறுபடி துருவைக் கிளப்பும். கடற்காற்றில் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோமோ அதையே உள்ளே ஊற்றிய கதை.

ஆசிட்டைக் கொட்டியதும் நிற்கக் கூடாது. ஐந்து லிட்டர் தண்ணீரில் மூன்று நாலு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் குலுக்கி, நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, உடனே காயவைக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு கண் எதிரிலேயே ஆரஞ்சு நிறமாகும். ஹேர் டிரையரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அலசவே ஆரம்பிக்க வேண்டும். காய்ந்து சூடு ஆறியதும் அரை லிட்டர் பெட்ரோலில் 50 மி.லி. 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்து உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் ஓடவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்கு. பெயின்ட் அடிப்பதற்கும் அதுவே காலம். ஈரக்காற்றில் அடித்த பெயின்ட் வெளுத்துப் பால் பூத்துவிடும்.

துரு போனபின் ஊசி ஓட்டை தெரிவதும் உண்டு. பெரும்பாலும் அடித் தையலில், காக்குக்குப் பக்கத்தில், தண்ணீர் தங்கும் தாழ்ந்த இடத்தில். டேங்க் வேலை தெரிந்த பட்டறையில் கொடுத்துப் பித்தளைப் பற்று வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை மூக்குக்குத் தெரியாத டேங்கும் நெருப்புப் பட்டால் வெடிக்கும். தண்ணீர் நிரப்பி, பற்று வைக்கும் இடத்தை மட்டும் வெளியே விட்டுச் செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, வண்டி கொஞ்ச தூரத்தில் நிற்கும். மூடியைத் திறந்தால் மறுபடி ஓடும்.

கார்புரேட்டரில் உயிர் இருப்பது பைலட் ஜெட்டில். அதன் துளை தலைமுடியைவிடச் சற்றுத்தான் பெரியது. காய்ந்த பெட்ரோல் பிசின் அதைத்தான் முதலில் அடைக்கும். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை போலவோ தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் செத்தது. கார்ப் கிளீனர் அடித்து, ஊறவைத்து, மெல்லிய நைலான் இழையால் தள்ளுங்கள். ஃப்ளோட் நீடிலின் நுனியில் வட்டக் கோடு பதிந்திருந்தால் மாற்றுங்கள், பெட்ரோல் வழிவது அதனால்தான். ஏர் ஸ்க்ரூவை இறுக்கி, ஒன்றரைச் சுற்று திருப்பி விட்டால் ஆரம்பத்துக்குப் போதும். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பரை வளைத்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் அங்கேயும் வெளிக்காற்று நுழையும்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சு பழசாக இருந்தால் தொட்டதும் பொடியாகும். அந்தப் பொடி இன்ஜினுக்குள் போகாமல் பெட்டி முழுவதையும் துடைத்தெடுங்கள். சைலன்சர் வாயில் கம்பி விட்டுப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி இருந்த இடமென்றால் சீட்டுக்கு அடியில் ஒயர் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும்.

மின்சாரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்எக்ஸ் 100, சிடி 100 இரண்டும் பேட்டரி இல்லாமலேயே தீப்பொறி தரும்; பாயின்ட் வைத்த பழைய புல்லட்டுக்குப் பேட்டரி வேண்டும், பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. புதுப் பிளக் போடுங்கள், இடைவெளி 0.6 முதல் 0.7. பொறி வராவிட்டால் சிடிஐ என்னும் இக்னிஷன் பெட்டியை வாங்க ஓடாதீர்கள். ஃப்ரேமில் எர்த் ஒயர் பூட்டிய இடத்தைச் சுரண்டி, கனெக்டர் ஒவ்வொன்றையும் கழற்றிக் களிம்பைத் துடைத்து, வாஸ்லின் தடவி மாட்டுங்கள். பாதி வண்டிகளில் பொறி திரும்பிவிடும்.

இப்போது உதைக்கலாம். வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். டேங்கை மாட்டாமல், பாட்டிலில் 200 மி.லி. புதுப் பெட்ரோலைத் தொங்கவிட்டுக் குழாய் கொடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பம்பின் காற்றை வெளியேற்றியிருந்தாலும், முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 25 மி.லி. 2டி ஆயில் கலந்தே ஊற்றுங்கள். பம்ப் வேலை செய்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிளக் இல்லாமல், சாவியை ஆஃப் செய்து, டேப்பெட் மூடி வழியாக ஆயில் மேலே வருவது தெரியும் வரை மெதுவாக உதையுங்கள். அதன்பிறகுதான் பிளக், சோக், உதை. ஸ்டார்ட் ஆனதும் முறுக்காதீர்கள். ஐடிலுக்குச் சற்று மேலே ஐந்து நிமிஷம்; பிறகு நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை இறுக்கம் பாருங்கள். போரில் ஊற்றிய ஆயிலும் சைலன்சரில் இருந்த பழைய கரியும் எரிந்து கால் மணி நேரம் புகைக்கும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் குறையாவிட்டால் ரிங்கையோ சீலையோ பார்க்க வேண்டியதுதான்.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. வண்டி ஓடுவது முக்கியமில்லை, பிரேக் பிடித்தால் நிற்பதுதான் முக்கியம். இரண்டு சக்கரத்தையும் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தே ஆக வேண்டும். பிரேக் ஷூவில் லைனிங் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. ஈரத்தில் ஷூவின் அலுமினியம் பூத்து, அந்தப் பசையை உள்ளிருந்தே தள்ளும். பார்க்கப் புதிது போலத் தடிமனாக இருக்கும் லைனிங்கின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்புங்கள். அப்பளம் போலக் கையோடு வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது கழன்றிருந்தால் டிரம்முக்குள் சிக்கிச் சக்கரம் சட்டென்று பூட்டியிருக்கும். டிரம் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் கேமை உருவி, துரு தேய்த்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். கேம் இறுகியிருந்தால் பிரேக் பிடித்தபின் விடாது.

டயரில் பட்டன் (மேல்தடத்தின் மேடு) எவ்வளவு இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2309 என்றால் 2009-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். அப்படிப்பட்ட டயர் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதில் ஒரு தெருகூட ஓட்டக் கூடாது. ட்யூபும் ரிம் டேப்பும் சேர்த்து மாற்றுங்கள். டயர் கழன்றிருக்கும்போதே ரிம்மின் உட்புறத்தில் நிப்பிள்களைச் சுற்றித் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே மின்னும் ரிம் உள்ளே பொத்தலாக இருப்பது கடலோரத்தில் சகஜம். பிரேக், கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். ஃபோர்க் குழாயில் புள்ளி விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டும் பயனில்லை, அந்தப் புள்ளிகள் சீலை அரம் போல அறுத்துவிடும்.

பாகங்களுக்குச் சென்னை ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான் கடைசிப் புகலிடம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆர்எக்ஸ் பாகங்களில் போலி நிறைய. சீல், பேரிங், பிஸ்டன் மூன்றிலும் மலிவைத் தேடாதீர்கள்; இண்டிகேட்டரும் மட்கார்டும் எதுவானாலும் பரவாயில்லை.

புது ரிங் போட்ட இன்ஜினை முதல் 500 கிலோமீட்டர் பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் திருகாமல், ஒரே வேகத்தில் இழுக்காமல் ஓட்டுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் திடீரென்று இறுகுவது போலத் தெரிந்த அந்த நொடியே கிளட்சைப் பிடியுங்கள், யோசிக்க நேரமில்லை. 100 கிலோமீட்டருக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் நுனி இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டரில் அது கலவையை மெலியவைக்கும். முதலில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள். எத்தனால் பழைய ரப்பரையும் உப்பவைக்கும், அதனால் பெட்ரோல் குழாய், காக் வாஷர், நீடில் மூன்றும் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்கட்டும். அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில், நீங்கள் பாடுபட்டுத் துரு எடுத்த அதே தையலில் போய்த் தங்கும். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால், டேங்கை முழுக்க வடித்து 2டி ஆயில் ஓடவிட்டு, காக்கை மூடி, கார்புரேட்டரின் ட்ரெய்ன் ஸ்க்ரூவையும் திறந்து காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.